அப்பா உடைத்த மாத்திரைகள்

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் நீ இன்னும் எங்கேயும் இல்லை. உன் அப்பா யார் என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குப் பதினாறு வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறேன். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள பயாலஜி புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது இப்போதைய என்னைவிடப் பெரியவனாக இருப்பாய். வேலைக்குப் போயிருப்பாய், கல்யாணம்கூட ஆகியிருக்கலாம். ஒருவேளை மகளாகப் பிறந்திருந்தால் கோபித்துக்கொள்ளாதே. எழுதும்போது யாராவது ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உனக்கு எழுதக் காரணம், சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்வாளாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது, ஆபீஸில் சண்டை போட்டது, அப்பா வாங்கி வந்த புடவையின் நிறம் பிடிக்காதது, எல்லாம். “அந்தப் பத்து மாசம்தான்டி நீ எதிர்த்துப் பேசாம கேட்டுகினு இருந்தே” என்பாள். நீயும் இப்போதைக்கு எதிர்த்துப் பேச மாட்டாய். நாளைச் சாயங்காலம் செங்கல்பட்டில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அங்கே அப்பாவைப் பற்றி நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா என்ன ஆவார் என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் அம்மா என்ன ஆவாள் என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

அம்மாவை நீ எப்போது பார்ப்பாயோ, எப்படிப் பார்ப்பாயோ தெரியாது. அதனால் நல்லபடியாக இருந்த அம்மாவை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மாமல்லபுரம் தபால் ஆபீஸில் கவுண்ட்டர் வேலை. பிறந்து வளர்ந்ததும் அந்த ஊர்தான். கற்சிலை வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள் அதைத் துணியில் சுற்றித் தைத்து, அரக்கு வைத்து, பார்சல் அனுப்ப அவளிடம்தான் வருவார்கள். ஒரு லீவு நாளில் நான் கூடப் போயிருந்தபோது, தாடி வைத்த ஒருவர் இரண்டு கையாலும் ஒரு கல் யானையைத் தூக்கிவந்து, கப்பலில் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். அம்மா இங்கிலீஷில் சொன்ன பதில், “கப்பலுக்கு மனசு இருந்தா மூணு மாசம், சார்.” அவர் போன பிறகு என்னிடம், “யானையத் தூக்கிகினு வந்துட்டு அவசரத்தப் பாரு” என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அப்பா மதுரைக்காரர். அம்மா ‘இன்னா’ என்றும் ‘கீது’ என்றும் பேசுவதைக் கேட்டு இருபது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். “எங்க ஊர்ல இப்படிப் பேசினா பொண்ணு தர மாட்டாங்க” என்பார். “அதான் எங்க ஊர்ல வந்து எடுத்தீங்க” என்பாள் அம்மா. அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. உள்ளே வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். அவர்கள் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கிறது என்பதை அது காட்டும். அந்த அளவுக்கு டோஸ் என்று பெயர். டோஸ் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், தேவையில்லாமல் துளிகூட ஏறக் கூடாது, அதுதான் அப்பாவின் வேலை. அதிலேயே ஊறிப்போனவர். எனக்குக் கை முறிந்தபோது இரண்டாவது தடவை எக்ஸ்ரே எதற்கு என்று ஆஸ்பத்திரியில் வாக்குவாதம் பண்ணியவர். “கம்மி டோஸ், கம்மி கவலை” என்பதை வீட்டில் உப்புக்கும் சொல்வார், டிவிக்கும் சொல்வார். அதை வைத்து நானும் அம்மாவும் அவரை எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்!

மழைக்காலம் முடிந்ததும் அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்து வாசலில் நின்றேன். “ஏன்டி ரெண்டு பேரா வந்து நிக்கிறே?” என்றாள். வழக்கமான கேலி என்று நினைத்து, “ஆமா, எனக்கு ரெண்டு காபி” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் போஸ்ட்மாஸ்டர் அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தபால்தலை மேல் குத்த வேண்டிய முத்திரையைப் பக்கத்தில் வெறும் கவர் மேல் குத்திக்கொண்டே இருந்தாளாம். ஒவ்வொரு கவரிலும் அப்படியே. நிறுத்தச் சொன்னபோது கோபம் வந்து அழுதாளாம்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் டி.பி. வந்திருக்கிறது என்றார்கள். அம்மா ஒருநாளும் இருமியதுகூட இல்லை. டவுன்ஷிப்பில் நாங்கள் டி.பி. என்று சொல்லவில்லை, மூளைக்காய்ச்சல் என்றுதான் சொன்னோம். டி.பி. என்றால் நாளைக்கு யாரும் வீட்டுக்குள் வர மாட்டார்கள் என்று அப்பா பயந்தார். இது அப்படி ஒட்டிக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியும் பயந்தார்.

அங்கே அம்மாவைக் கவனித்த நரம்பு டாக்டரம்மாவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாற்பது வயது இருக்கும். சென்னையில் வேலை, சனிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிளினிக்கில் உட்காருவார். அம்மா கொஞ்சம் தெளிந்த பிறகு ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்தவரிடம் நான் கேட்டேன். கிருமியைக் கொல்லும் மருந்து தனியாக இருக்கும்போது எதற்காக ஸ்டீராய்டும் கொடுக்கிறீர்கள், அது ஓட்டப்பந்தயக்காரர்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வது இல்லையா என்று. அவர் சிரித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “அது வேற ஸ்டீராய்டு, இது வேற. மூளைக்குன்னு தனியா காவல் செல்கள் இருக்கும்மா. மைக்ரோக்ளியான்னு பேரு. சும்மா இருக்கும்போதே சின்னச் சின்னக் கையை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்கும். கிருமி வந்தா பாய்ஞ்சு பிடிக்கும். நல்லதுதான். ஆனா எப்போ நிறுத்தணும்னு அதுங்களுக்குத் தெரியாது. கண்டதையும் கக்கிக்கிட்டே இருக்கும், மத்த செல்களையும் கூப்பிட்டுக் கூட்டம் சேர்க்கும், வீக்கம் வரும். கால் வீங்கினா வீங்கட்டும்னு விடலாம். மண்டைஓட்டுக்குள்ள வீங்க இடம் ஏது?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டே, “எங்க வூட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க டாக்டர். ஒரு எறும்பப் பார்த்தா போதும், ரூம் முழுக்க மருந்தடிச்சுட்டு எங்கள வெளிய நிக்க வெப்பாரு” என்றாள். எத்தனையோ நாள் கழித்து அம்மா அடித்த முதல் ஜோக் அது. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: கிருமி சாகும்போது அதன் உடம்பிலிருந்து சிதறுவதைப் பார்த்து இந்தச் செல்கள் இன்னும் ஆவேசமாகும். மருந்து ஜெயிக்கும் நேரத்தில்தான் வீக்கம் கூடும் அபாயம் உண்டு. ஸ்டீராய்டு அந்த ஆவேசத்தைத் தணிக்கிறது. எப்படித் தணிக்கிறது என்பது பாதிதான் தெரியும், மீதியை உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செல்களை மட்டும் சமாதானப்படுத்தி, வேறு எதையும் தொடாத மருந்து ஒன்று கிடைக்குமா என்றும் பார்க்கிறார்கள். “அதுவரைக்கும் எங்களுக்கு இந்தப் பழைய ஸ்டீராய்டுதான்” என்றார். மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். வெளியிலிருந்து மருந்து வரும்வரை உடம்பு தன் பங்குக்குச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் தூங்கிவிடும், அது விழித்துக்கொள்ள நேரம் வேண்டும். அதோடு அந்தச் செல்களும் முழுதாக அடங்கியிருக்காது. அவசரப்பட்டுக் கையை எடுத்தால் மறுபடி கிளம்பிவிடும்.

இதையெல்லாம் டாக்டர் சொன்னபோது அப்பா கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தவரிடம் நான் மைக்ரோக்ளியா பற்றி ஆசை ஆசையாகச் சொன்னேன். குறைக்கும் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டேன். “அப்புறம் ஸ்டீராய்டைப் படிப்படியா குறைக்கணுமாம்பா.” அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். குறைக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பிடித்த வார்த்தை.

அம்மா வீட்டுக்கு வந்தாள். ஸ்டீராய்டில் அவளுக்குப் பசி வந்தது பார், அப்படி ஒரு பசி! சுனாமிக்குப் பிறகு எங்கள் டவுன்ஷிப் கடற்கரையில் எழுப்பிய சுவர் வரைக்கும் மெதுவாக நடத்திக் கூட்டிப்போனால், சுண்டல்காரரை அவள்தான் முதலில் பார்ப்பாள். எனக்கு வாங்கியதையும் சேர்த்துத் தின்றுவிட்டு, “நீ வளர்ற பொண்ணு, வூட்ல போய் துன்னு” என்பாள். முகம் மட்டும் உப்பிக்கொண்டே போனது. கன்னம் இரண்டும் உருண்டு, கண் சின்னதாகி, கல்யாண ஆல்பத்தில் இருப்பவளுக்கு அக்கா மாதிரி ஆகிவிட்டாள். சர்க்கரையும் ஏறியது. ஸ்டீராய்டு எலும்பைத் தின்றுவிடும், தன் மாமனாருக்கு அப்படித்தான் இடுப்பு ஒடிந்தது என்று மேல் வீட்டு அங்கிள் அப்பாவிடம் சொன்னார். அன்றிலிருந்துதான் தொடங்கியது.

காலையில் அம்மாவுக்குக் கை நிறைய மாத்திரை. டி.பி. மாத்திரைகளை அப்பா அப்படியே எடுத்து வைப்பார். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் சமையல் மேடையில் காகிதம் விரித்து, பிளேடால் இரண்டாக வெட்டுவார். பாதி அம்மாவின் கைக்குப் போகும். அம்மா எண்ண மாட்டாள். கண்ணை மூடி எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்கிவிடுவாள். அவர் கையிலிருந்து வருவதை அவள் ஏன் எண்ண வேண்டும்? நான் முதல்நாளே பார்த்துவிட்டேன். “அப்பா, டாக்டர் முழுசுன்னுதானே எழுதியிருக்காங்க?” என்றேன். “எப்படியும் குறைக்கத்தான் போறாங்க பாப்பா. நாம ரெண்டு படி முன்னாடி போறோம், அவ்வளவுதான். நான் டோஸ் பார்க்கிற ஆளு. தேவையில்லாம ஒரு துளி உள்ள போக விடுவேனா?” என்றார். இரண்டு வாரத்தில் அம்மாவின் முகம் கொஞ்சம் வற்றியது. “பார்த்தியா?” என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய அம்மா திரும்பி வருகிறாள் என்று நானும் நம்பினேன். இதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது இல்லையா? “டாக்டர்கிட்ட இப்போ சொல்ல வேணாம், திட்டுவாங்க. எல்லாம் சரியானதும் நானே சொல்லிக்கிறேன்” என்று அப்பா சொன்னபோது நான் சரி என்றேன்.

பாதி பிறகு காலாயிற்று. இந்த வாரம் அம்மாவுக்குத் தலைவலி திரும்பி வந்துவிட்டது. நேற்று குளித்துவிட்டு வந்து, எந்தப் பக்கம் அறை என்று தெரியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றாள். இன்று காலை வாந்தி. சாயங்காலம் என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பாவும் பார்த்தார். வெயில் என்றார். சரியாகத் தூங்கவில்லை என்றார். டாக்டர் அன்று சொன்ன வார்த்தைகள் எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. அம்மாவின் தலைக்குள் அந்தச் செல்கள் மறுபடி எழுந்து நிற்பது எனக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிகிறது. அவற்றின் மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அவையும் அம்மாவைக் காப்பாற்றத்தானே பார்க்கின்றன.

அப்பாவை யாரும் திட்டி நான் பார்த்ததில்லை. அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. அப்படிப்பட்டவரை இன்னொருவர் முன்னால் காட்டிக்கொடுக்கப் போகிறேன். நான் பயப்படுவது அவர் கோபத்துக்கு அல்ல. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், தன் கையால்தான் ஆனது என்று அப்பா வாழ்நாள் முழுக்க நினைப்பார். அது தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நானும் அவரும் ஒரே வீட்டில் எப்படிச் சாப்பிடுவோம், எப்படித் தூங்குவோம்? நாளை நான் சொல்லத்தான் வேண்டும். வாய் வருமா என்றுதான் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் வரும் என்று நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். போதும், அப்பா எழுந்துவிட்டார் போலிருக்கிறது.

*

மறுபடி நான்தான். நடுவில் சில நாட்கள் போய்விட்டன. இப்போது மேல் வீட்டு ஆன்ட்டியின் ஹாலில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். ஏன் இங்கே இருக்கிறேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை வாடகைக் காரில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். டிரைவர் அண்ணன் எங்களுக்குப் பழக்கமானவர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, “இன்னா சார், அம்மா தலைய புட்ச்சிகினே வருது? போன தபா நல்லா பேசிகினு வந்துச்சே!” என்றார். “வெயில்ப்பா” என்றார் அப்பா. கிளினிக்கில் எங்கள் முறை வந்தது. டாக்டர் அம்மாவைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். தன் விரலை ஆட்டி, கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். அம்மாவின் இடது கண் ஓரம் வரைக்கும் போகவில்லை, நடுவிலேயே நின்றுவிட்டது. “மாத்திரை எல்லாம் ஒழுங்கா போகுதா சார்?” என்று கேட்டார். “கரெக்டா போகுது மேடம்” என்றார் அப்பா.

டாக்டர் பழைய ஸ்கேனை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பார்த்தார். அப்பாவிடம் பேசுவதைவிடத் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோலச் சொன்னார். “இவ்வளவு ஸ்டீராய்டு உள்ள இருக்கும்போது இது திரும்ப வரக் கூடாதே. அப்போ டி.பி. மருந்துக்குக் கிருமி கட்டுப்படலையோ? எல்லாத்தையும் மாத்த வேண்டியிருக்கும். ஊசி போடணும். காது போகலாம், கிட்னியைக் கவனிக்கணும்…” அவர் தப்பான வழியில் போகிறார். அது தப்பான வழி என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ஸ்டீராய்டு முழுசா போகலை” என்றேன். என் குரல் யாரோ பேசுவதுபோல இருந்தது. “அப்பா உடைச்சு உடைச்சுதான் குடுக்கிறார். முதல்ல பாதி, இப்போ கால். ரொம்ப நாளா.”

வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் என் நாற்காலியும் அப்பாவின் நாற்காலியும் ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள், எழுந்தால் அவர்மேல் இடிக்க வேண்டும். அதனால் அப்படியே இருந்தேன். அப்போது அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டு, கேமரா ஃபிலிம் ரோல் வரும் சின்னக் கறுப்பு டப்பா ஒன்றை எடுத்தார். மூடியைத் திறந்து டாக்டர் மேஜைமேல் கவிழ்த்தார். பாதியும் காலுமாக வெட்டிய வெள்ளை மாத்திரைத் துண்டுகள், தூள் உட்பட எல்லாம் கொட்டின. “குடுக்காததெல்லாம் இதுல இருக்கு மேடம். நீங்க கணக்குப் போடணும்னா வேணுமேன்னு எடுத்துட்டு வந்தேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “உள்ள வந்ததும் வாய் வரலை” என்றார்.

வீட்டிலிருந்து புறப்படும்போதே அதைப் பையில் போட்டிருக்கிறார். காரில் வந்த வழி முழுக்க அந்த டப்பா அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் பயந்துகொண்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார். “படிச்சவங்க நீங்களே இப்படிச் செஞ்சா? உங்க வேலையில வெளிய இருந்து வர்றதைத் தடுக்கிறீங்க, அங்க டோஸ் குறைஞ்சா நல்லது. இங்க உள்ள எரியுது சார். அணைக்கிற தண்ணியைப் போய்க் குறைப்பாங்களா?” அப்பா, “முகம் அப்படி வீங்கிப்போச்சு மேடம். கண்ணாடியைப் பார்த்து அழுதா” என்றார். அதுவரை சாய்ந்து கிடந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, “நான் எப்போ அழுதேன்? பொய்யி” என்றாள். டாக்டரின் முகம் இளகிவிட்டது. துண்டுகளை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். “நல்லவேளை, சொன்னீங்க. டி.பி. மருந்தை இப்போ மாத்த வேணாம். ஆனா இன்னைக்கே அட்மிட் ஆகணும். வழியில எங்கேயும் நிறுத்தாதீங்க” என்றார். யாருக்கு ‘நல்லவேளை’ சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னைக்குப் போனோம். நான் முன் சீட்டில் இருந்தேன். அப்பா பின்னால் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தார். சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ்கள், பொத்தேரியில் ரோட்டைக் கடக்கும் காலேஜ் பையன்கள், கூடுவாஞ்சேரியில் நகரவே நகராத வரிசை. “வழி வுடுங்கப்பா, உள்ள ஆளு சீரியஸா கீது!” என்று டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே வந்தார். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கப் பார்த்தேன், அது குனிந்தே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனில் வீக்கம் திரும்பியிருந்தது தெரிந்தது. ஸ்டீராய்டை ஊசியாக, முழு அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று இப்போது சொல்ல முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். எனக்குப் பரீட்சை இருந்ததால் அப்பா என்னை ஆன்ட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பும்போதும், “பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?” என்று மட்டும்தான் கேட்டார்.

முதல்நாள் போனில், “அம்மா தூங்குறா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்தநாளும் அப்படித்தான். நான் இரண்டு நாளும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மாவுக்காகப் பாதி, அப்பாவுக்காகப் பாதி. இன்று சாயங்காலம் மறுபடி போன் வந்தது. “காலையில முழு டோஸ் போச்சு பாப்பா. மத்தியானமும் முழுசு. நர்ஸ் போடும்போது பக்கத்துல நின்னு பார்த்தேன்” என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அம்மா கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாளாம். பேச்சு இன்னும் குழறுகிறதாம். நர்ஸை ஏதோ கேலி செய்யப் பார்த்து, பாதியில் வார்த்தை கிடைக்காமல் விட்டுவிட்டாளாம். அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“நீ சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேன்னு நினைக்கிறியா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா. டப்பா எடுத்துட்டு வந்தீங்களே.”

“எனக்குத் தெரியல பாப்பா” என்றார். “டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். டாக்டரம்மா ஊசின்னாங்க, காது போகும்னாங்க. அப்போகூட என் கை பையிலேர்ந்து வெளிய வரல. நெஜமாவே தெரியல.”

என்னிடம் அப்பா சொன்னதிலேயே பெரிய விஷயம் அதுதான். ‘பரவாயில்லைப்பா’ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மா அங்கே அப்படிக் கிடக்கும்போது அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. “நாளைக்கும் போன் பண்ணுங்க” என்றேன். “பண்றேன். என்ன டோஸுன்னு சொல்றேன்” என்றார்.

மகனே, அறிவுரை சொல்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. நான் அம்மாவாக ஆகும்போது எப்படி ஆவேன் என்றும் தெரியாது. அப்பாவின் ரத்தம்தான் எனக்கும். நீ பெரியவனான பிறகு ஏதோ ஒருநாள் நான் பயத்தில் உனக்கோ வேறு யாருக்கோ நல்லது செய்வதாக நினைத்து ஒரு தப்பைச் செய்துகொண்டிருப்பேன். அதற்கு நல்ல நல்ல காரணங்கள் வைத்திருப்பேன். யாரிடமும் சொல்லாதே என்று உன்னைக் கேட்டுக்கொள்வேன், நீயும் சரி என்று சொல்லியிருப்பாய். அந்தச் ‘சரி’யை நான் இப்போதே உனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். போய்ச் சொல். என் முன்னாலேயே சொல். நான் உன்னை முறைப்பேன், இரண்டு நாள் பேச மாட்டேன். அதற்குப் பயந்துவிடாதே. ஆனால் சொன்னதும் எழுந்து வெளியே போய்விடாதே. என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திரு.

நாளைக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை. இன்னும் ஒரு பாடம் மீதி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா